தாழப் பறந்த மேலாளர்

மலைகளை வென்றவனை வளைவுகள் ஒன்றும் செய்துவிட முடியாது.

இப்படி அறிவித்தபோது வங்கி மேலாளர் பனியனும் அரைக்கால் சட்டையுமாகச் சாப்பாட்டு மேசை முன்னால் வீற்றிருந்தார். தலையில் மகளுடைய ஹெட்போன். பூனைக் காது வைத்தது. கையில் புது ஜாய்ஸ்டிக். எதிரே கணினித் திரையில் ஒரு குட்டி விமானம் உறுமிக்கொண்டிருந்தது.

வழக்கு இதுதான். நாளைக் காலை குடும்பம் காரில் மலை ஏற வேண்டும். வழி நெடுகக் கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங் யார் கையில்?

மனைவியின் ஓட்டு அவள் தம்பிக்கு.

காரணம் உண்டு. போன வாரம் மேலாளர் காரை வெளியே எடுத்தபோது, வாசல் கேட் தூண் வந்து கார்க் கதவை உரசிவிட்டது. தூண்தான் வந்து உரசியது என்பது அவர் தரப்பு. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத வம்சம்.

“காரை விடு. விமானம் ஓட்டுறவனுக்கு அது சைக்கிள் மாதிரி. உட்காந்து பாருங்க ரெண்டு பேரும்.”

மைத்துனன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். மனைவி உட்காரவில்லை. கார்ச் சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நின்றாள்.

“உசரத்துல பறக்க யாராலயும் முடியும். தாழப் பறக்கிறதுதான் வித்தை” என்று முகவுரை வழங்கிவிட்டு, மேலாளர் பள்ளத்தாக்கில் இறங்கினார்.

கீழே ஆறு. விமானத்தின் நிழல் தண்ணீரில் கூடவே ஓடி வந்தது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். பள்ளத்தாக்கு இடப்பக்கம் வளைந்தது. மைத்துனன் ஸ்டூலோடு சாய்ந்தான். சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. அவன் கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தது.

“மாமா, கொஞ்சம் மேல ஏத்துங்க மாமா! கீழ ஆடு மேயுது!”

“பயணிகள் கேப்டனோட பேசக்கூடாது.”

ஓர் அருவி கடந்து போனது. மரங்களின் உச்சி ஒன்றிரண்டு சக்கரத்தைத் தடவிப் பார்த்தன. அப்புறம் வந்தது அந்தச் சந்து. இரண்டு சிகரங்களுக்கு நடுவே, விமானத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகவே மனைவியின் கண்ணுக்குத் தெரிந்தது.

மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டு நுழைந்தார்.

திரை ஒரு கணம் சாம்பல் நிறமானது.

“மேகம்” என்றார்.

பிறகு வெளிச்சம். அந்தப் பக்கம் அகலமாக ஒரு ஏரி.

மைத்துனன் எழுந்து நின்று கைதட்டினான். “நாளைக்கு நீங்களே ஓட்டுங்க மாமா. நான் பின்சீட்ல படுத்துத் தூங்குறேன்.”

மனைவி தம்பியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மனமில்லாமல்தான் என்றாலும் உள்ளங்கையைத் திறந்து சாவியை நீட்டினாள்.

விருதை உட்கார்ந்தபடி வாங்குவது மரியாதையில்லை என்று மேலாளர் பூனைக் காதைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

அதுதான் தப்பு.

காலியான நாற்காலியில் மைத்துனன் சறுக்கி உட்கார்ந்துவிட்டான்.

“டேய், தொடாத! உனக்குப் பழக்கமில்ல!”

“மோதினா மோதட்டும் மாமா. விளையாட்டுதானே.”

அவன் பிடித்த பிடியில் விமானம் ஏரியை விட்டுத் திரும்பி, நேரே மலையின் நெஞ்சைப் பார்த்துப் பாய்ந்தது. மைத்துனன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மேலாளரும் மூடிக்கொண்டார். மனைவி மூடவில்லை.

விமானம் மலைக்குள் நுழைந்தது. சற்று நேரம் எங்கும் சாம்பல் நிறம். மறுபக்கமாக வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை. கீழே ஆடு நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது.

“இதுவும் மேகமாங்க?” என்றாள் மனைவி.

சாவியோடு உள்ளங்கை மூடிக்கொண்டது.

மோதினால் நொறுங்கும் வசதியை, விளையாட்டை வாங்கிய அன்றே அவர் அணைத்து வைத்திருந்தார். அதன் ஓடுபாதை ஓரத்திலும் ஒரு தூண் இருந்தது.