டோனுக்கு விழுந்த இரண்டு ஓட்டு

"நாளைக்கு என் பேரைத்தான் அடிக்கணும். மறந்துராதீங்க!"

நூடுல்ஸ் சூப் கடை டோன், வீடு வீடாகப் போய்த் தனக்கு எதிராகவே பிரசாரம் செய்துகொண்டிருந்தார். ஹனோயின் அந்தச் சந்துக்கு நாளை தலைவர் தேர்தல். வீட்டுக்கு ஒரு ஓட்டு. சீட்டில் வேண்டாதவர் பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பெட்டியில் போட வேண்டும்.

பழைய தலைவி தோவாதான் மறுபடியும் என்று கட்சி முடிவு பண்ணியாயிற்று. அது சந்து நாய்க்குக்கூடத் தெரியும். ஆனாலும் சீட்டில் ஒரே பேர் இருந்தால் நன்றாகவா இருக்கும்? போன வாரமே, தேர்தலை நடத்தும் முன்னணி ஆபீஸ் ஆள் டோனைத் தேடி வந்துவிட்டார்.

"சும்மா ஒப்புக்குத்தான். ஜெயிச்சிர மாட்டீங்க, அதுக்கு நான் கேரண்டி."

"அது சரிங்க. ஒரு ஓட்டுகூட விழலைன்னா? அதை ஒலிபெருக்கியில வேற படிப்பீங்களே! அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் கடை திறக்கிறது?"

மறுக்க முடியுமா? தலையாட்டினார். பதவி ஆசை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று வெளியே தன் பேரையே அடிக்கச் சொன்னாலும், அன்றிலிருந்து அந்தப் பூஜ்யம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"பதினஞ்சு வருஷமா நாற்காலியை விடாம உக்காந்திருக்கு அந்தம்மா. அசிங்கப்படப் போறது நான்!" என்று மனைவியிடம் பொருமினார்.

தேர்தலன்று, ஓட்டுப் போடுகிற மறைவுத் தட்டிக்குப் பின்னால் நின்று அக்கம்பக்கம் பார்த்தார். தோவாவின் பேரில் சர்ரென்று ஒரே கோடு!

மதியம் கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது. "தோழர் தோவா, அறுபத்திரண்டு. தோழர் டோன், இரண்டு."

இரண்டா! ஒன்று தன்னுடையது. இன்னொன்று? நம்மை மதிக்கவும் ஓர் ஆள் இருக்கிறாரே! டோனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வந்தவர்களுக்கெல்லாம் கிண்ணத்தில் கறி கூடுதலாக விழுந்தது.

சாயங்காலம் தோவாவே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, முகத்துல களை கட்டுது?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க ஜெயிச்ச சந்தோஷம்தான்!"

தோவா குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிராதே. ஊரே சிரிக்கிற மாதிரி உனக்குப் பூஜ்யம் விழுந்துரக் கூடாதேன்னு, என் பேரை நானே அடிச்சுட்டேன்."

டோன் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"இன்னொரு ஓட்டு யாரு போட்டதுன்னுதான் தெரியல. யாரா இருந்தாலும், என்னை மாதிரியே அடுத்தவங்க மானத்தை நெனச்சுப் பாக்கிற ஆளு. கண்டுபிடிச்சா, என் பேர்ல ஒரு கிண்ணம் சூப் குடு தம்பி!"