மரமண்டைக்கு ஒரு பிளாப்பி

"என்னைப் பத்தி ஒரு பக்கம் அடிக்கணும்மா. மரமண்டைக்கும் புரியற பிளாப்பி எது?"

தர்மபுரி கம்ப்யூட்டர் சென்டரின் குளிர் அறையில், செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பரிதா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை நிலைக்குமா என்று முதலாளி அப்துல் ஷுக்கூர் நாலு மணிக்குச் சொல்வதாக இருந்தார்.

டைப் அடிக்கும் புரோகிராம் இருந்த இரண்டு பிளாப்பித் தட்டுகளை எடுத்தாள். "இதுல நாப்பது கட்டளை மனப்பாடம் பண்ணணுங்க. இது, அதுவே கேள்வி கேக்கும். பதில் அடிச்சா போதும்."

"கேள்வி கஷ்டமா இருக்குமா?"

"முதல் கேள்வி, உங்க பேருங்க."

இரண்டாவதையே எடுத்தேன். பெயர், ஊர் பாப்பிரெட்டிப்பட்டி, தொழில் உரக்கடை. எழுத்தெழுத்தாகத் தேடிக் குத்தி முடிக்க ஒரு மணி நேரம். எழுந்தவன், வூட்டுப் பழக்கத்தில் கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தேன்.

"ஐயோ, இன்னும் சேவ் பண்ணலீங்களே!"

மணி மூணே முக்கால். பரிதாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பரவால்லீங்க. மறுபடி உங்க பேர்லேருந்து ஆரம்பிக்கலாம்."

நாலு மணிக்கு ஷுக்கூர் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "பொண்ணு எரிஞ்சு விழுந்துச்சா?"

"இல்லீங்க பாய். இன்னிக்கே வேலை போட்டுக் குடுங்க."

"மக்கு மாதிரி நடிச்சு அவ பொறுமையைச் சோதிங்கன்னுதானே சொன்னேன்? சுவிட்சை அணைச்சீங்க பாருங்க, கண்ணாடி வழியாப் பாத்து அசந்துட்டேன்! எப்படித் தோணுச்சு?"

செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்று நான் நடித்தது அந்தத் தேடல் ஒன்றுதான்.