ஒரே வாசகர்

"கையைத் துடைச்சுட்டுத் தொடுங்கம்மா. நாப்பது வருஷத்துக் காகிதம், வேர்வை பட்டா மை கலைஞ்சிரும்" என்றார் பெரியவர்.

டீச்சர் கைக்குட்டையில் இரண்டு கைகளையும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் மேஜைமேல் இருந்த அந்தத் தடித்த நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் பக்கத்தில் அப்பாவின் பெயர், அப்பாவின் கையெழுத்திலேயே இருந்தது. அவர் எழுதிய ஒரு வார்த்தையை அவள் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

போன வாரம் பள்ளி நூலகத்துக்கு வந்த பைண்டர் பேச்சுவாக்கில் சொன்ன விஷயம்தான் அவளை இங்கே இழுத்து வந்திருந்தது. ரிட்டயரான பெரியவர் ஒருத்தர், வேறு யாரோ கையால் எழுதின நாவல் ஒன்றைத் தைக்கக் கொடுத்தாராம், ஏதோ படகுக்காரன் கதையாம். எழுதினவர் பெயரையும் அவன் சொன்னபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அறையில் இரண்டு நாற்காலி போட்ட இடம் போக மற்றதெல்லாம் புத்தகம். பாதி ஜன்னலை அடுக்கு மறைத்துக்கொண்டிருந்தது.

"நான் செத்தா என்னை வெளியே தூக்கறதுக்கு முன்னால புத்தகத்தைத் தூக்கணும்னு மருமக சொல்றா. அவ சொல்றதுலயும் தப்பில்ல" என்றார் சிரிக்காமல். நாற்காலியில் கிடந்த அன்றைய பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார். "இதுல பாதி விளம்பரம். மீதியில யாருக்குக் கல்யாணம், யாருக்கு விவாகரத்து. நின்னு படிக்க ஒரு வரி கிடையாது. பேரன் இதைக்கூடப் படிக்கறதில்ல. போன்ல விரலால தள்ளிக்கிட்டே போறான். கேட்டா, படிச்சாச்சு தாத்தாங்கறான்."

"நீங்க நிறையப் படிப்பீங்களா ஐயா?"

"என் உத்தியோகமே அதுதானேம்மா. முப்பத்தோரு வருஷம், பிடிச்சாலும் பிடிக்காட்டியும் படிச்சாகணும். எழுதினவர் ஒரு தடவை எழுதினா நான் மூணு தடவை படிப்பேன். என் வாசிப்புக்கு ஆபீஸ்ல ஒரு மரியாதை இருந்துச்சு. நான் ஒண்ணு எழுதிக் கொடுத்தா அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க."

அவள் அரைக் காதாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். விரல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனது.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாருங்க" என்றார் அவர், நோட்டின் பக்கம் திரும்பாமலே. "படகுக்காரனோட மக வருவா."

பார்த்தாள். அப்பா வெளியே போகக் கூடாதென்று படகுக்காரனின் சின்ன மகள் அவனுடைய ஒரு செருப்பை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறாள். டப்பா மூடியில் மாவு சிந்தியிருப்பதை அவன் பார்த்துவிடுகிறான். ஆனாலும் திறக்கவில்லை. மகள் தோற்றுப்போகக் கூடாதென்று ஒற்றைச் செருப்போடு வெயிலில் இறங்கி நடக்கிறான்.

"இது நான்தான்" என்றாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது."

"எத்தனை தடவை படிச்சாலும் அந்த இடத்துல நிறுத்திட்டுத்தான் மேல போவேன்" என்றார் பெரியவர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாவைக் கூட்டிட்டுப் போனப்ப எனக்கு ஆறு வயசு. நோட்டையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. கோர்ட்ல ஒரே ஒரு சாட்சிதானாம். படகுன்னா எது, ஆறுன்னா எதுன்னு வரிக்கு வரி அர்த்தம் சொல்லி, இது ஆட்சியைக் கவுக்க எழுதினதுன்னு அந்த ஆள் முடிச்சுட்டானாம். அவன் மட்டும் வாயைத் திறக்கலைன்னா வெறும் கதைன்னு விட்டிருப்பாங்கன்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க. மூணாம் வருஷம் ஜெயில்லேர்ந்து அப்பா பொணமாத்தான் வந்தார்."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்ககிட்ட இது எப்படி ஐயா வந்துச்சு?"

"கேஸ் முடிஞ்ச காகிதத்தையெல்லாம் கொளுத்தச் சொல்லி உத்தரவு. ஆபீசுக்குப் பின்னால மலை மாதிரி குவிச்சு மண்ணெண்ணெய் ஊத்திட்டிருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல. இதை மட்டும் உருவி சட்டைக்குள்ள சொருகிட்டு வந்துட்டேன். மாட்டியிருந்தா நானும் உள்ளதான் போயிருப்பேன்."

டீச்சர் எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "வீட்ல அவரோட போட்டோகூட மிச்சமில்ல. எங்கப்பாவை இத்தனை வருஷம் காப்பாத்தி வச்சிருக்கீங்க. உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்?"

அவர் கையை விடுவித்துக்கொண்டார். நோட்டைக் காகித உறைக்குள் போட்டு, நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துபோனது. மூன்றாவது தடவை அவளே போட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க. இது உங்களுது. மறுபடி இங்க வர வேண்டியிருக்காது."

உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள். "எங்கப்பாவை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா ஐயா?"

"ஒரே ஒரு தடவை. கோர்ட்ல."

அவள் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "அம்மா சொல்வாங்க, அன்னிக்கு உள்ளே நிக்க இடமில்லையாம், அவ்வளவு கூட்டமாம். அந்தக் கூட்டத்துல நீங்களும் இருந்தீங்களா?"

பெரியவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கூட்டத்துல இல்லம்மா. சாட்சிக் கூண்டுல."