ஆளுக்குப் பாதி

மெக்கானிக் சோப்பு அச்சுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, இறந்துபோன நண்பனின் மனைவி உள்ளே வந்தாள்.

"சோப்புத் தொழிலை விட்டுடப் போறீங்களாண்ணா?"

"பொழுதுபோக்கா ரெண்டு பேரும் ஆரம்பிச்சது. அவனே போயிட்டான், இனி யாருக்காகம்மா?"

போன மாதம் சோப்புக் குழம்பைக் கிண்டிக்கொண்டே சிரித்தவன், அப்படியே சரிந்தான். முப்பத்தெட்டு வயதுதான். செய்வதைப் பாதியாகப் பிரித்து, ஆளுக்கொரு பக்கம் கொண்டுபோய் விற்பது இருவரின் வழக்கம்.

"அவன் பங்கு ஒரு வாரம்கூடத் தங்கினதில்ல. கெட்டிக்காரன்."

அவள் தலைகுனிந்தாள்.

"ஒண்ணுகூட விக்கலண்ணா. எல்லாம் எங்க பரண்லதான் கிடக்கு. நீங்க மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு, கைக்காசைப் போட்டு வித்துட்டதா சொன்னார். 'நான்தான் துப்புக்கெட்டவன், அவன் கொண்டு போனா பறக்குதுடி'ன்னு கடைசிவரைக்கும் ஒரே பெருமை!"

மெக்கானிக் எழுந்துபோய், பாதி திறந்திருந்த உள்ளறைக் கதவைச் சாத்தினான். அங்கே கட்டிலுக்கடியில் தன் பங்குச் சோப்புகள் ஒன்று குறையாமல் பெட்டி பெட்டியாக இருந்தன. நல்லவேளை, அவள் பார்க்கவில்லை.

"ஆமாம்மா," என்றான். "பறந்துச்சு."