தண்ணீரில் ஊறிய கை

இரண்டரை மணி நேரமாகச் சபிதாவும் அவள் கணவன் வினோஜும் ரப்பர் பால் உறையவைக்கும் தட்டுகளைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். மழை விட்ட வெளிச்சம் கொடியில் தொங்கும் ரப்பர் ஷீட்டுகளில் மங்கலாக ஒட்டியிருக்கிறது. தேங்காய்நாரின் உரசல் மட்டும் கேட்கிறது. இந்த வாரம் மட்டும் பால் வெட்டும்போது வினோஜின் கத்தி மூன்று மரங்களை ஆழமாகக் காயப்படுத்திவிட்டது. இன்னொரு மரத்தில் காயம் பட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகத் தோட்ட முதலாளி சொல்லிவிட்டார். மழையில் பட்டை ஈரம், கத்தி வழுக்குகிறது என்கிறான் வினோஜ். சபிதா இடுப்பை நிமிர்த்தி, வெளிறிச் சுருங்கிய தன் விரல்களை விரித்துப் பார்க்கிறாள். “ஏட்டி அஞ்சு, தண்ணியில கெடந்தா வெரலு ஏன் இப்பிடி கெழவியாயிருது?” படியில் உட்கார்ந்து பள்ளிக்கூட ஷூவைக் கழற்றும் மகள் கொட்டாவி விடுகிறாள். “ஊறி இல்லம்மா, நரம்பு சொல்லித்தான் சுருங்கும். நரம்பு கெட்டா தோலு அப்பிடியே கெடக்கும்.” “அப்பம் ஒங்கப்பாவப் பாரு, சுண்டுவெரலு கொமரனாட்டு இருக்கு” என்று சிரிக்கத் தொடங்கிய சபிதா பாதியில் நிறுத்துகிறாள். வினோஜின் வலது கையில் மூன்று விரல்கள் சுருங்கியிருக்கின்றன; சுண்டுவிரலும் மோதிரவிரலும் வழுவழுவென்று இருக்கின்றன. அவன் கையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்கிறான். “இஞ்ச காட்டுங்க.” அவன் காட்டவில்லை. தட்டைப் பார்த்தபடியே சொல்கிறான். “அந்த ரெண்டுலயும் உணர்ச்சி இல்ல சபிதா. கத்தி கையில இருக்கான்னு கண்ணால பாத்துத்தான் வெட்டுதேன்.”