ஈரம் காயும்வரை

பிரிண்டரில் முகம் இந்தத் தடவையும் கலைந்து வந்தது.

கன்னத்துக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. உதட்டுச் சிவப்பு கழுத்துவரை இழுபட்டிருந்தது.

அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படத்தில் இருந்தவள் பிருந்தா. கணவனின் முதல் மனைவி. இறந்து நான்கு வருடம்.

இவள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம்.

"அம்மா மூக்கையே காணோம் சித்தி" என்றாள் மிருதுளா.

இரண்டாம் வகுப்பு. நாளைக்குப் பள்ளிக்கு எடுத்துப்போக வேண்டிய 'என் குடும்பம்' சார்ட் தரையில் விரிந்து கிடந்தது. அப்பாவை ஒட்டியாயிற்று. பக்கத்தில் அம்மாவுக்குப் பெரிய கட்டம். சித்திக்கும் ஒன்று போட்டிருந்தாள், கீழே, ஓரமாக.

முதல் படம் கலைந்து வந்தபோது அவளுக்குச் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது. அது வந்ததை அவளே கவனித்துவிட்டாள். அந்த வெட்கத்தோடுதான் பிரிண்டரைச் சரிசெய்ய உட்கார்ந்தாள்.

மை வரும் துளைகளைச் சுத்தம் செய்யும் ஹெட் க்ளீனிங்கை இரண்டு முறை ஓட்டினாள். சோதனைத் தாளில் கோடுகள் அறுபடாமல் வந்தன.

மூடியைத் திறந்து ஈரத் துணியால் உருளைகளைத் துடைத்தாள். துணி கறுத்தது. வெற்றுத்தாள் மூன்றை உள்ளே விட்டு எடுத்தாள். மூன்றும் சுத்தமாக வந்தன.

மறுபடி பிருந்தா. மறுபடி கலைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஃபோட்டோ ஸ்டூடியோ திறந்திருக்காது. கணவன் சௌந்தர் டியூட்டிக்குப் போயிருந்தான். மிஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

சொல்ல வாயெடுத்தாள்.

குழந்தை, பாழான படங்களை வரிசையாகப் பரப்பி, எதில் கண் நன்றாக இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது.

அவள் புதிதாக ஒரு ஃபோட்டோ தாளை எடுத்தாள். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. விரலை நாக்கில் நனைத்து மூலையைத் தொட்டாள். வழுக்கியது.

மறுபக்கத்தைத் தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது.

மை பிடிக்கும் பக்கம் இது. இவ்வளவு நேரமும் தாளைப் பக்கம் மாற்றி வைத்தது அவள்தான்.

தெரியாமல்தான்.

தெரியாமல்தான் என்று இன்னொரு முறையும் சொல்லிக்கொண்டாள்.

திருப்பி வைத்தாள்.

பிருந்தா மெதுவாக வெளியே வந்தாள். நெற்றி. கண்கள். மூக்கு. ஒரு பல் லேசாக ஏறிய சிரிப்பு. எங்கும் ஒரு தீற்றல் இல்லை.

பிருந்தா இவ்வளவு அழகு என்று யாரும் இவளிடம் சொன்னதில்லை.

"தொடாத. காயட்டும்."

இருவரும் குனிந்து ஊதினார்கள். மிருதுளா தன் முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அம்மா என்னப் பாத்தா சிரிக்கிறாங்க சித்தி?"

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். படத்துக்குக் கீழே எடுத்த தேதி இருந்தது. மிருதுளா பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு.

கேமராவைப் பிடித்திருந்தது யாராக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த ஒன்றரை வருடத்தில் சௌந்தர் இவளை ஒரு படம் எடுத்ததில்லை.

அந்தச் சிரிப்பை நன்றாகப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"ஆமாடா" என்றாள். "உன்னப் பாத்துதான். வேற யாரையும் இல்ல."