மரத்துக் கிடந்த கால்கள்

நரம்பு சுருண்ட கால்களில் அறுவை சிகிச்சை செய்யத் தையல்காரிக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். "இடுப்புக்குக் கீழ கொஞ்ச நேரம் மரத்துக் கிடக்கும்மா. சாயங்காலம் நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் டாக்டர். சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த பிறகும் கால்கள் வேறு யாருடையவையோபோல் கிடந்தன.

கணவன் வந்து கால்மாட்டில் நின்றான்.

"இதான் சாக்குன்னு படுத்துட்டியா? வீட்ல யாருடி சமைப்பா?"

வழக்கம்போல் கையை ஓங்கினான். அவளுடைய வலது கால் எழுந்து அவன் நெஞ்சில் உதைத்தது. சுவரில் மோதித் திரும்பி, கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தவனின் வாயில் இடது கால் இறங்கியது. பற்கள் தரையில் தெறித்தன. அவன் சுருண்டு விழுந்தான்.

"நான் இல்லீங்க! எனக்குக் கால் இருக்கிறதே தெரியல!" என்று அலறினாள் அவள்.

ஓடிவந்த டாக்டர் அவள் உள்ளங்காலில் ஊசியால் குத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"விரலை அசைங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். ஒரு விரல்கூட அசையவில்லை.

"மரப்பு இன்னும் விடல. இவங்களால உதைக்கவே முடியாது" என்றார் டாக்டர்.

கணவனை ஸ்ட்ரெச்சரில் அள்ளிக்கொண்டு போனார்கள். அறை காலியானது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்களும் ஒன்றையொன்று உரசி, அழுக்கைத் தட்டிவிடுவதுபோல், நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தன.